மெழுகுவர்த்தி ஏற்றிய நேரம் பார்த்துக் கேமரா நின்றால்

"அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள். படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். எட்டு வருடப் பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸ். காலையிலிருந்து முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தாயிற்று. கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றியதும், பின்னால் நிற்பவர்களும் தெளிவாக விழட்டும் என்று லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்/8 வைத்து, ஃபிளாஷ் போட்டு, குழந்தையின் முகத்துக்கு ஜூம் செய்து அழுத்தினேன். 'எர்' என்று காட்டிவிட்டுக் கேமரா உறைந்துவிட்டது. பதற்றத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஒன்றிரண்டு படம் எடுத்தது, மறுபடியும் எர். நாலைந்து தடவை இதே கதை. வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் செருகினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கேமரா போய்விட்டதா? எடுத்த படங்களாவது கிடைக்குமா?" இதுதான் கேள்வி.

ஃபார்மேட் செய்யாதீர்கள். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது. கணினி கேட்கும் அந்தப் பெட்டியில் 'ரத்து' அழுத்திவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள். அந்த லாக் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். கார்டுக்குள் இருக்கும் மின்சுற்றோடு அதற்குத் தொடர்பே கிடையாது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரீடர் பார்த்து, எழுதுவதைத் தானாக நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் லாக் போட்டுவிட்டோம் என்று முழுசாக நம்பிவிட வேண்டாம். ஆனாலும் வீட்டில் யாராவது கைதவறி 'சரி' அழுத்தினால் காப்பாற்றும். இன்னொன்று, அந்தக் கார்டை மறுபடி கேமராவில் போட்டு 'ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன்' என்று இறங்காதீர்கள். அந்த ஒரு படம் போய் உட்காரும் இடத்தில் ஏற்கனவே ஒரு படம் இருக்கலாம்.

உங்கள் முந்நூறு படங்களும் அநேகமாகக் கார்டில்தான் இருக்கின்றன. நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'பதற்றத்தில்' என்ற சொல். ஷட்டரை அழுத்தியதும் படம் நேராகக் கார்டுக்குப் போய்விடுவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்துக்குப் போகும். அங்கிருந்து கார்டில் எழுதப்படும். எழுதி முடித்த பிறகு, எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமரா திருத்தும். கார்டு மூடிக்கு அருகில் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்குவது இந்த நேரத்தில்தான். விளக்கு மினுங்கும்போது பேட்டரியை உருவினால், பஃபரில் இருந்த படம் போச்சு, அதில் சந்தேகமே இல்லை. அதைவிட மோசம், அட்டவணை பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். சாமான் எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கிறது, எது எந்த மூட்டையில் என்று எழுதி வைத்த நோட்டுதான் கிழிந்துவிட்டது. கணினி நோட்டை மட்டும்தான் பார்க்கும். நோட்டு புரியவில்லை என்றால் 'பரணே காலி, சுத்தம் செய்து தரட்டுமா' என்று கேட்கும். ஃபார்மேட் செய்யச் சொல்வதன் அர்த்தம் அவ்வளவுதான்.

உங்கள் கார்டு 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே என்றால் அதில் பெரும்பாலும் எஃப்ஏடி32 என்ற அட்டவணை முறை இருக்கும். 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகளில் எக்ஸ்ஃபேட். முன்னதில் அந்த அட்டவணைக்கு வழக்கமாக இரண்டு பிரதிகள் உண்டு, பின்னதில் பொதுவாக ஒன்றுதான். பெரிய கார்டுகள் இப்படிப் பேட்டரியை உருவும்போது கொஞ்சம் எளிதாகக் குழம்பிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மீட்பது எப்படி? கார்டின் மீது நேரடியாக எந்த வேலையும் செய்ய வேண்டாம், முதலில் அதை அப்படியே ஒரு பிரதி எடுங்கள். கோப்புகளைத்தான் காப்பி செய்ய முடியவில்லையே என்பீர்கள். இது வேறு. கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே பெரிய கோப்பாகக் கணினியில் இறக்குவது. விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ, இரண்டுமே இலவசம். வின்32 டிஸ்க் இமேஜரில் 'ரீட்', 'ரைட்' என்ற இரண்டு பொத்தான்களும் ஒரே வரிசையில் இருக்கும். நமக்கு வேண்டியது ரீட். ரைட் அழுத்தினால் கார்டில் இருப்பது அழியும். லாக்கைத் தள்ளச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். பழைய ரீடராக இருந்தால் 32 ஜிபி இறங்க இருபது நிமிடம்கூட ஆகலாம், பாதியில் பிடுங்காதீர்கள்.

பிரதி கையில் வந்த பிறகு அதில் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டுங்கள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள் இது. பார்க்க அழகாக இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. கிழிந்த நோட்டை அது சீண்டுவதே இல்லை. பரணில் ஏறி ஒவ்வொரு மூட்டையாகத் திறந்து பார்க்கும். ஜேபெக் கோப்பு என்றால் எப்போதும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும். அந்தத் தொடக்கத்தை எங்கே கண்டாலும் 'இங்கே ஒரு படம் இருக்கிறது' என்று எடுத்து வெளியே வைக்கும். உங்கள் கேமராவின் ரா கோப்புகளையும் (சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புகள்) பெரும்பாலும் இப்படியே கண்டுபிடித்துவிடும். மீட்ட படங்களைச் சேமிக்கும் இடமாகக் கணினியின் வேறொரு ஃபோல்டரைக் காட்டுங்கள். மறந்தும் அந்தக் கார்டையே காட்டாதீர்கள்.

கிடைக்கும் படங்களுக்குப் பழைய பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தில் தொடங்கி ஒரு நீளமான எண் இருக்கும். டி (t) என்ற எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் ஒட்டியிருக்கும் தபால்தலை அளவு முன்னோட்டங்கள். 'அய்யோ எல்லாம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே' என்று அவற்றைப் பார்த்துப் பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்துவது சிரமமில்லை. ஒரு சில படங்கள் மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வரலாம். அவை துண்டு துண்டாக வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டவை, அல்லது நீங்கள் பேட்டரியை உருவியபோது எழுதிக்கொண்டிருந்தவை. அடிக்கடி ஒவ்வொன்றாக அழித்து அழித்துப் பயன்படுத்திய கார்டில் இந்தச் சிதறல் அதிகம்.

வீடியோ எடுத்திருந்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றிருந்தால் அந்த ஒரு கோப்பு கிடைத்தும் ஓடாது. எம்பி4 கோப்பில் எந்த நொடி எங்கே இருக்கிறது என்ற குறிப்பைக் கேமரா பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதும். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த இன்னொரு நல்ல வீடியோவை மாதிரியாகக் காட்டி இதைச் சரிசெய்யும் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எப்போதும் வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன், முயலாமல் அழித்துவிடவும் வேண்டாம்.

'டிஸ்க்கில் பிழை இருக்கிறது, திருத்தவா' என்று விண்டோஸ் கேட்டால் அதற்கும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லுங்கள். அது நோட்டைத் திருத்துவதாக நினைத்துப் பக்கங்களைக் கிழித்துப் போடும் சமயங்கள் உண்டு. கார்டு கணினியில் தெரியவே இல்லை, அல்லது கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது என்றால் கதை வேறு. அப்போது பழுது பெரும்பாலும் கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பில். அதை வீட்டில் எதுவும் செய்ய முடியாது, தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும், செலவும் கடுமையாக இருக்கும். ஆனால் ஃபார்மேட் செய்யச் சொல்லும் அளவுக்கு உங்கள் கார்டு உயிரோடு இருப்பதால் அங்கே போக வேண்டியிருக்காது என்றே தோன்றுகிறது.

ஒரு முறை உறவினர் ஒருவர் இதே நிலையில் கார்டைக் கொண்டுவந்தார். கேமரா ஃபார்மேட் கேட்டதாம், இவர் சரி கொடுத்துவிட்டாராம். அதுகூடப் பரவாயில்லை, கேமராவின் சாதாரண ஃபார்மேட் நோட்டை மட்டும்தான் கிழிக்கும். அதற்குப் பிறகு, 'கார்டு இப்போது சரியாகிவிட்டது' என்று மீதி விழாவை அதிலேயே எடுத்திருந்தார். ஃபோட்டோரெக் ஓட்டியதும் விழாவின் இரண்டாம் பாதி அழகாக வந்தது. முதல் பாதியில் கடைசி நூறு படங்கள் வந்தன. நடுவில் மெழுகுவர்த்தி ஊதிய காட்சி எங்கேயோ விழுங்கப்பட்டிருந்தது. ஒரு படத்தில் குழந்தையின் தலைமுடிக்குக் கீழே நேராக, ஏதோ ஒரு மாமாவின் சட்டைப் பொத்தான்கள் தொடங்கின. அப்போதிலிருந்து நான் எந்த விழாவுக்கும் இரண்டாவது கார்டு இல்லாமல் போவதில்லை.

இனி கேமரா. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எஃப்/8 வைத்தேன், ஜூம் செய்தேன், எர் வந்தது என்கிறீர்கள். 'எர்' என்பது பொதுவான அழுகை, எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது. சில தயாரிப்புகளில் எண்ணும் சேர்ந்து வரும். கேனானில் எர் 01 என்றால் கேமராவும் லென்ஸும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, எர் 02 என்றால் கார்டைப் படிக்க முடியவில்லை. எண் இல்லாவிட்டால் நாமே தேட வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் எஃப்/8 வைத்தாலும் எஃப்/16 வைத்தாலும், ஷட்டரை அழுத்தும் வரை லென்ஸின் துவாரம் முழுக்கத் திறந்தேதான் இருக்கும். வியூஃபைண்டர் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் அல்லவா? அழுத்திய அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே போகும், லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய இதழ்கள் எஃப்/8 அளவுக்குச் சுருங்கும், ஷட்டர் திறந்து மூடும், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இதழ்கள் சொன்ன அளவுக்கு அசையவில்லை என்றால் கேமரா அங்கேயே நின்று எர் போடும். லென்ஸை முழுக்கத் திறந்த அளவில் வைத்தால், அதாவது உங்கள் லென்ஸில் 18-இல் எஃப்/3.5, 55-இல் எஃப்/5.6, இதழ்களுக்கு வேலையே இல்லை. அசைய வேண்டியதில்லை, அதனால் பிழையும் வராது.

இதழ்கள் ஏன் அசையவில்லை? கேமராவோடு சேர்ந்து வரும் இந்த வகைக் கிட் லென்ஸ்களில் அடிக்கடி போவது ஒரு நாடா. இதழ்களை அசைக்கும் குட்டி மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபிளெக்ஸ் கேபிள். பேப்பர் போல மெலிசு, கஷாய நிறம், உள்ளே மயிரிழை போன்ற செம்புக் கோடுகள். நீங்கள் ஜூம் செய்யும் ஒவ்வொரு தடவையும் இந்த நாடா ஒரே இடத்தில் மடங்கி விரியும். எட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை மடங்கியிருக்கும்! ஒரு நாள் ஏதோ ஒரு செம்புக் கோட்டில் விரிசல் விழும். 18-இல் நாடா நேராக இருக்கும்போது விரிசல் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், 55-க்குப் போனதும் விலகிவிடும். நான் பிரித்துப் பார்த்த ஒரு லென்ஸில் அந்த விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியவே இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் மடிப்பின் மேல் ஒரு கோடு மட்டும் கறுத்திருந்தது.

படங்களை முதலில் மீட்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு எடுத்த அந்த ஒன்றிரண்டு படங்கள் கிடைத்தால், கணினியில் அவற்றின் விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் எந்த எஃப் எண், எந்த ஜூம் அளவு என்று கேமரா பதிந்து வைத்திருக்கும். தப்பிப் பிழைத்த படங்கள் எல்லாம் முழுக்கத் திறந்த அளவிலோ, அகலக் கோணத்திலோ எடுக்கப்பட்டவை என்றால் குற்றவாளி லென்ஸ்தான். கேமராவைத் தொடாமலேயே பாதி சோதனை முடிந்துவிடும்.

மீதிச் சோதனைக்கு வேறொரு கார்டைப் போட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, கேமராவை ஏ அல்லது ஏவி முறையில் (எஃப் எண்ணை நாமே தேர்ந்தெடுக்கும் முறை) வையுங்கள். 18-இல் எஃப்/3.5 வைத்துப் பத்துப் படம். பிறகு எஃப்/8 வைத்துப் பத்து. 55-இல் எஃப்/5.6, எஃப்/8 வைத்து அதையே ஒரு தடவை. எஃப்/3.5-இல் சிரித்த முகமாக வேலை செய்து எஃப்/8-இல் மட்டும் நின்றால் நான் மேலே சொன்னதேதான். எல்லாவற்றிலும் நின்றால் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். மேனுவல் முறையில் வைத்து, வெறும் பாடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் லென்ஸ் இல்லாமலும் கிளிக் ஆகும். எர் இல்லாமல் சுத்தமாக 'சடக்' என்று சத்தம் வந்தால் பாடி ஆரோக்கியமாக இருக்கிறது. லென்ஸ் இல்லாமலும் எர் வந்தால், அல்லது கண்ணாடி பாதியில் தொங்கினால், கோளாறு ஷட்டரிலோ கண்ணாடியை இயக்கும் மோட்டாரிலோ இருக்கிறது. தூசு நிறைந்த இடத்தில் இதைச் செய்ய வேண்டாம், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைக் கழற்றும்போதே அதன் பின்புறம் வரிசையாக இருக்கும் தங்க நிறப் புள்ளிகளையும் பாருங்கள். கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். விரல் ரேகை, வியர்வை, குழந்தையின் கையிலிருந்து ஒட்டிய பிசுக்கு, எது இருந்தாலும் எர் வரலாம். உலர்ந்த சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். போகாத அழுக்குக்குத் துணியில் ஒரு துளி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். தங்க முலாம் மிக மெல்லியது, தேயும். அழிப்பானின் துகள் கேமராவுக்குள் விழுவது தனித் தலைவலி. இந்த ஒரு துடைப்பிலேயே பழுது தீர்ந்து, 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று நீங்கள் என்னைத் திட்டும் வாய்ப்பும் உண்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

பாடியை மட்டும் நீங்களே திருகுகளைக் கழற்றித் திறக்க வேண்டாம். உள்ளிருக்கும் ஃபிளாஷ் கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை சார்ஜ் ஆகும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். தொட்டவர்களுக்குத் தெரியும்.

ரிப்பேரா, புதிதா என்ற கேள்விக்கு வருகிறேன். லென்ஸ்தான் பழுது என்று தெரிந்தால் கேமராவை மாற்றுவது வீண். கிட் லென்ஸின் நாடாவை மாற்றலாம், ஆனால் அது நுணுக்கமான வேலை. கூலி பெரும்பாலும் அதே லென்ஸைப் பழையதாக வாங்கும் விலையை நெருங்கிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய லென்ஸ் ஒன்றையோ, இன்னும் நல்லது, 50 எம்எம் எஃப்/1.8 மாதிரி ஒரு சாதாரண பிரைம் லென்ஸையோ (ஜூம் இல்லாதது) வாங்குவேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 55-இல் எஃப்/5.6 தரும் உங்கள் லென்ஸைவிட அது சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர்தான் பழுது என்றால் கணக்கு வேறு. சாதாரண டிஎஸ்எல்ஆர் ஷட்டர்கள் பொதுவாக 1,00,000 படம் அளவுக்கு என்று தயாரிக்கப்படுபவை. உங்களுடையது அதை நெருங்கியிருந்தால் புது ஷட்டர் போடும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு பழைய பாடியே கிடைக்கலாம். இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்றைக்கே இது தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? லென்ஸை 18-இல் வைத்து, ஏவி முறையில் எஃப்/3.5-க்கு மாற்றி, இரண்டடி முன்னால் நகர்ந்திருந்தால் அந்தக் கேமராவே மீதி விழாவை அநேகமாக எடுத்து முடித்திருக்கும். பின்னால் நின்ற பெரியப்பாக்கள் கொஞ்சம் மங்கலாக விழுந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

விழாக்களில் 'கேமரா போய்விட்டது' என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் போகவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றி விளக்கை அணைத்ததும் ஷட்டர் பொத்தான் வேலை செய்யாமல் போவது ரொம்பப் பழைய புகார். லென்ஸ் முன்னும் பின்னும் 'உய்ங் உய்ங்' என்று அலையும், கிளிக் ஆகாது. அது பழுதே இல்லை. இருட்டில் ஃபோகஸ் கிடைக்கவில்லை, ஃபோகஸ் கிடைக்காமல் எடுக்க மாட்டேன் என்று கேமரா அடம் பிடிக்கிறது. நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, சுடருக்கும் மெழுகுக்கும் நடுவே இருக்கும் விளிம்பிலோ, வெளிச்சம் விழும் கன்னத்தின் ஓரத்திலோ காட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். அல்லது விளக்கு எரியும்போதே ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸை எம்எஃப்-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அதன் பிறகு இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

இன்னொன்று, ஃபிளாஷ் போட்ட படத்தில் கீழே கறுப்புப் பட்டை. ஷட்டர் போய்விட்டது என்று அலறுவார்கள். ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போய்விட்டால், ஃபிளாஷ் மின்னும் கணத்தில் ஷட்டரின் திரை ஒன்று பாதியை மறைத்திருக்கும். வெளியே பொருத்தும் ஃபிளாஷ்களில் இது அதிகம். வேகத்தைக் குறைத்தால் பட்டை போய்விடும். ஃபிளாஷ் இல்லாமலும், எந்த வேகத்திலும் அதே இடத்தில் பட்டை இருந்தால் மட்டும் ஷட்டரைச் சந்தேகியுங்கள். எல்இடி விளக்குக்குக் கீழே வரிவரியாக விழுவது விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/125 வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

உண்மையான பழுதை உண்டாக்குபவை வேறு. மேலே வெடித்துத் தூவும் ஜிகினாவுக்குக் கீழே நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். நண்பர் ஒருவரின் கேமராவில் கண்ணாடி கீழே இறங்காமல் நின்றது. லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்தில் பொன் நிறத்தில் அரை நகக்கண் அளவுக்கு ஒரு ஜிகினாத் துண்டு நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ஊதியால் இரண்டு தடவை ஊதினேன், விழுந்துவிட்டது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டின்னில் வரும் காற்று கண்ணாடிக்கும் ஷட்டருக்கும் முரட்டுத்தனமானது. அப்புறம் அந்த லேசர் விளக்குகள். வண்ணக் கோடுகள் சுற்றிச் சுற்றி வருவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு கதிர் நேராக லென்ஸுக்குள் புகுந்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடோ புள்ளியோ விழுந்துவிடலாம். அதைத் துடைக்க முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். ஜூஸ் கொட்டினால் உடனே அணைத்துப் பேட்டரியை எடுத்துவிடுங்கள் (இங்கே மட்டும் பேட்டரியை உருவுவது சரி, சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்க வேண்டாம்). அரிசியில் புதைக்காதீர்கள், அதனால் பயனில்லை, மாவுதான் உள்ளே போகும். சர்க்கரை காய்ந்து பிசினாவதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

நின்றுபோன கேமராவோடு மல்லுக்கட்டும் நேரத்தில் விழா ஓடிவிடும். முப்பது விநாடி முயலுங்கள், சரிவரவில்லை என்றால் கேமராவை வைத்துவிட்டுக் கைபேசியை எடுங்கள். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, 100-க்கு 100 புள்ளி கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சாதனம் அதைவிட எவ்வளவோ மேல். அதன் லென்ஸைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, திரையில் குழந்தையின் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். சுடர் வெளுத்துத் தெரிந்தால் கொஞ்சம் இருட்டாக்குங்கள். விரலால் ஜூம் செய்வதற்குப் பதில் நடந்து கிட்டே போங்கள்.

விழாவுக்கு வந்தவர்களில் பத்துப் பேராவது அந்த நேரத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். இன்றைக்கே அவர்களிடம் கேளுங்கள், அடுத்த வாரம் என்றால் பாதிப் பேர் இடம் போதவில்லை என்று அழித்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் காணாமல் போகும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் உங்கள் கேமராப் படங்களோடு நேர வரிசையில் கலந்து அடுக்கிவிடலாம். உங்கள் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வருடமாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

மெழுகுவர்த்தி ஊதும் படம் யாரிடமும் இல்லை என்றால், இன்னொரு கேக்கில் ஒன்றை ஏற்றி மறுபடி எடுங்கள். ஒரு வயதுக் குழந்தை கணக்குக் கேட்காது. எஃப்/3.5, 18 எம்எம், புதுக் கார்டு. சிவப்பு விளக்கு அணையும் வரை பேட்டரி மூடியில் கை வைக்காதீர்கள்.